ஒட்டுப் போர்வையும் மாதிரி அட்டையும்



துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்போரின் சங்கம் ஒன்று பிரித்தானியாவில் உண்டு. 1718 என்னும் ஆண்டு பொறித்த பட்டுப் போர்வை ஒன்றை அச்சங்கம் பேணி வருகின்றது. கடதாசி வடிவங்களின்மேல் பட்டை மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைத்த வேலை அது. இத்தகைய வேலைக்கு அடிப்படையான மாதிரியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி, காலஞ்சென்ற தன் அம்மம்மாவின் சேலைத் துண்டுகளால் எண்முனை நட்சத்திரம் ஒன்று தைக்க முற்பட்டாள். மாதிரி அட்டையை நானே வெட்டிக் கொடுத்தேன். எட்டுத் துண்டுகளையும் இணைத்ததும் நடுப்பகுதி குடைபோற் குவிந்துவிட்டது. அச்சேலையோ கடையில் வாங்கக்கூடியதன்று. பிழை அவள் ஊசியிலன்று. என் அட்டையிலேயே இருந்தது.

எட்டுச் சாய்சதுரங்கள் ஒரு புள்ளியிற் கூடுவதானால் ஒவ்வொன்றின் கூர்முனையும் 45 பாகையாதல் வேண்டும். 44 ஆயின் மொத்தம் 352, துணி குவியும். 46 ஆயின் 368. துணி அலையலையாக எழும்பும். ஆகவே பாகைமானியைக் கண்ணால் மதிப்பிட்டு வைப்பதிலும் கவராயமே நன்று. செங்கோணம் ஒன்றை வரைந்து, அதனை இரு சமகூறிடுங்கள். அவ்வாறு பெற்ற கோணத்தின் இரு புயங்களிலும் ஒரே நீளத்தைக் குறியுங்கள். அதே விரிவுடன் அவ்விரு குறிகளிலிருந்தும் வில் வரைந்தால், அவை வெட்டுமிடம் நான்காம் உச்சி. வெட்டிய அட்டையை ஒரு புள்ளியைச் சுற்றி எட்டு முறை கடதாசியில் வரைந்து பாருங்கள். முதற்கோடும் இறுதிக்கோடும் பொருந்தாவிடில், துணியைத் தொடவேண்டாம்.

கைத்தையலுக்கான மாதிரி, தைத்து முடிந்த துண்டின் அளவே. அதனைச் சுற்றி இடும் கோடே தையற்கோடு. வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுதல் வேண்டும். அந்தக் கால் அங்குலம் சற்றுக் கூடினும் குறையினும் பெருங்கேடில்லை. தையல் இயந்திரத்தில் துணியின் விளிம்பே வழிகாட்டுவதால், அதற்குரிய மாதிரியில் அதனையும் சேர்த்தே வெட்டுவர். இவ்விரண்டையும் மயங்குவோர் பலர்.

பென்சிலைக் கூராக்கி, அட்டையின் விளிம்பை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீற்றர் விலகினால் துண்டு ஒரு மில்லிமீற்றர் பெருக்கும்; இருபது துண்டுகள் கொண்ட வரிசை இரண்டு சென்ரிமீற்றர் நீளும். துணி நழுவாதிருக்க, மரவேலையிற் பயன்படும் சொரசொரப்பான தேய்ப்புக் கடதாசியை அதன் அடியில் விரிக்கலாம். பலமுறை வரைந்தபின் அட்டையின் முனை மழுங்கும்; ஊடு தெரியும் பிளாஸ்டிக் தகடு நெடுநாள் உழைக்கும். வெட்டிய துணித் துண்டையே அடுத்த துண்டுக்கு மாதிரியாக வைப்பதை மட்டும் தவிருங்கள். முந்திய பிழை பிந்தியதில் ஏறிக்கொண்டே போகும்.

துணியின் பின்புறத்திலே வரைவதால், இடம் வலம் ஒவ்வாத வடிவங்கள் முன்புறத்தில் மாறித் தோன்றும். அவற்றுக்கு மாதிரியைப் புரட்டி வைத்தல் வேண்டும். பாவுநூலின் திசையையும் அட்டையில் அம்புக்குறியாற் காட்டிவிடுங்கள்.

அந்த நட்சத்திரத்தை நாங்கள் பிரித்தோம். புதிய அட்டையால் மீண்டும் கோடிட்டபோது, வெளியே விட்டிருந்த கால் அங்குலம் கைகொடுத்தது. ஏழு துண்டுகள் தப்பின. எட்டாவதற்குச் சேலையின் கரையில் ஒரு சிறு பகுதி எஞ்சியிருந்தது.