கோடை விடுமுறையும் ஆலயச் சிறுவர் பள்ளியும்

மும்பையில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் மே மாதம் முழுவதும் மூடியிருந்து, ஜூன் நடுவில்தான் மீண்டும் திறக்கின்றன. இக்காலம் நம் குடும்பங்களில் இருவிதமாகக் கழிகின்றது. நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் இரயிலில் இடம் கிடைத்தவர்கள் ஊர் சென்று விடுகின்றனர். இடம் கிடைக்காதவர்களின் குழந்தைகளும், தந்தைக்கு விடுப்புக் கிட்டாத குழந்தைகளும், புழுக்கம் நிறைந்த ஓரறை வீட்டில் கைப்பேசியே துணையாகக் காலம் கழிக்கின்றனர். அவர்களுக்காகத் தமிழ்ச் சபைகள் பல பத்து நாள் அளவில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவதைக் கிறிஸ்தவரல்லாத நேயர்களும் அறிவர். பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, இடையே ஒரு குவளை சர்பத்து, கடைசி நாளில் பவனி ஆகியவற்றோடு அது நடைபெறுகின்றது.

இப்பள்ளியின் பிறப்பே புலம்பெயர்ந்தோரைச் சார்ந்தது. 1898-ம் ஆண்டில் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைகளின் பிள்ளைகள் கோடையில் தெருவில் அலைவதைக் கண்டு, ஹாஸ் அம்மையார் என்பவர் பீர் விற்கும் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அவர்களுக்குப் பள்ளி நடத்தினார். ஓய்வுநாள் பள்ளியின் கதையும் இதற்கு நெருங்கியதே. 1780-ல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய பள்ளியில், வாரமெல்லாம் வேலை செய்த சிறுவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றனர். எழுத்தறிவித்தல் ஆலயத்துச் சிறுவர் பணிக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைக் கூறுகின்றோம்.

இன்று நம் சபைகளில் நடப்பது என்ன? தாய்மார் காலையில் குழந்தையை வாயிலில் விட்டு, நண்பகலில் அழைத்துச் செல்கின்றனர். தந்தையர் கடைசி நாள் நாடகத்தைப் படமெடுக்க வருவதோடு சரி. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தி கலந்தோ நடைபெறுகின்றன. ஆசிரியர்களாக உழைக்கும் கல்லூரி மாணவ மாணவியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களும் தமிழ் எழுத்துப் பயிலாமலே வளர்ந்தவர்கள். இதன் விளைவு வீட்டில் தெரிகின்றது. பத்து வசனங்களை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பேரன், பாட்டியின் வேதாகமத்தில் ஒரு வரியும் வாசிக்க இயலாமல் இருக்கின்றான். பாட்டியோ அவன் ஒப்பிப்பதன் பொருள் அறியாள். குடும்ப ஜெபத்தில் ஒருவர் பேச மற்றவர் வாளாவிருக்கின்றனர். ஒரே கூரையின் கீழ் இரு தலைமுறைகள் தனித்தனியே வழிபடும் இந்நிலையை நாம் சிறிதென்று கருதவில்லை.

ஆகவே இப்பத்து நாட்களின் ஒரு பகுதியை வீட்டிற்குள் கொண்டு செல்ல வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு ரூத் புத்தகம் மிகப் பொருத்தமானது. பஞ்சத்தால் பெத்லெகேமை விட்டு மோவாப் தேசம் சென்று பிழைத்த ஒரு குடும்பத்தின் கதை அது. கணவனையும் இரு மைந்தரையும் அந்நிய மண்ணில் இழந்த நகோமி, மருமகள் ரூத்தோடு ஊர் திரும்பும்போது வாற்கோதுமை அறுப்புத் தொடங்கியிருந்தது. நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள். நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது வசனங்களாகப் பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், இரவு உணவுக்குப் பின் குழந்தை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பாட்டியோ தாத்தாவோ திருத்திக் கொடுக்கலாம். பழைய மொழிபெயர்ப்பின் நடை குழந்தைக்குக் கடினந்தான். விளங்காத சொல்லைக் கேட்டறிவதற்கே பெரியவர் அருகில் இருக்கிறார். மறுநாள் பள்ளியில், வீட்டார் ஊரை விட்டு இந்நகருக்கு வந்தது எப்போது, ஏன் என்று கேட்டறிந்ததை ஒவ்வொரு குழந்தையும் சொல்லட்டும். மில் வேலைக்கு வந்தவர், தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர் என்று எத்தனை கதைகள் வெளிவரும்!

வேலைக்குச் செல்வோரை எண்ணி, இரண்டு மூன்று நாட்களேனும் பள்ளியை மாலையில் வைக்கலாம். சிற்றுண்டிப் பொறுப்பு முழுவதையும் தாய்மார் தலையில் சுமத்தி, அதற்குக் குடும்பப் பங்கேற்பு என்று பெயரிடுவது முறையாகாது. தந்தையரும் வெங்காயம் நறுக்கலாம், கைவேலைக்கு அட்டை வெட்டலாம்.

ஊர் செல்லும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. ஊர் ஆலயத்தின் கல்வெட்டில் உள்ள ஆண்டையும் பெயர்களையும் தமிழில் எழுதி வரட்டும். பாட்டி பாடும் பழைய கீர்த்தனை ஒன்றைக் கற்று வரட்டும். அசனப் பந்தியில் உட்கார்ந்து உண்டால் அதையும் எழுதலாம். ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஊருக்குச் செல்லாத தோழர்களுக்கு அவர்கள் இவற்றைச் சொல்லிக் காட்டலாம்.

பிற சமயக் குழந்தைகளும் அக்கம்பக்கத்திலிருந்து இப்பள்ளிக்கு வருவதுண்டு. பெற்றோரிடம் பாடத்தைக் காட்டி, அவர்கள் மனமொப்பிய பின்னரே சேர்ப்பது நேர்மையாகும். ஆலயத்திற்கு அனுப்ப விரும்பாத வீட்டாரும் தமிழ் வாசிப்பு நேரத்திற்கு மட்டும் தம் பிள்ளைகளை அனுப்பக்கூடும். அதற்குச் சங்கத்தின் கூடத்தைப் பயன்படுத்தினால் எவருக்கும் தயக்கம் இராது.

வரும் கோடையில் இவ்வாறு நடத்திப் பார்க்கும் சபையார், எத்தனை வீடுகளில் இரவு வாசிப்பு பத்து நாளும் நிலைத்தது, எவற்றில் இடையில் நின்றது என்பதை மறைக்காமல் நமக்கு எழுதுவார்களாக, இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.