தொட்டியில் டெல்லிக் கனகாம்பரம்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் விளைநிலங்கள் பல தொழிற்பேட்டைகளாக மாறிவிட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னர் பல ஆலைகள் வந்தன. நிலம் குறைந்த போதிலும் பூச்சூடும் வழக்கம் குறையவில்லை. கொல்லையில் பறித்த பூவை இப்பொழுது காசு கொடுத்து வாங்குகிறோம். மாடியிலோ தாழ்வாரத்திலோ நான்கு தொட்டி வைக்க இடமிருந்தால், இச்செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். அதற்கு ஏற்றது கனகாம்பரம். கிலோ ஒன்றுக்குச் சுமார் 15,000 பூக்கள் நிற்கும் அளவுக்கு இலேசான பூ இது. பறித்தபின் விரைவில் வாடாது.

கனகாம்பரத்தில் சாதாரண ஆரஞ்சு வகை விதையால் பெருகும். அதன் முற்றிய காய் நீர் பட்டதும் வெடித்து விதையைச் சிதறும். 'டெல்லி' வகையோ விதை கட்டுவதில்லை. குரோமோசோம் தொகுதிகள் இரட்டைப்படையில் இருந்தாலே சரிபாதியாகப் பிரியும். டெல்லி வகையில் அவை மூன்று. ஆதலின் அதனைத் தண்டுத் துண்டுகளாலேயே விருத்தி செய்தல் வேண்டும்.

இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. தாய்ச் செடியின் நிறமும் குணமும் மாறாமல் வரும். அதன் நோயும் உடன் வரக்கூடும். பாவில் நேர்ந்த குற்றம் சேலை முழுவதும் ஓடுவது போன்றது இது. எனவே, வாடலும் இலைமஞ்சளும் இல்லாத செடியையே தாயாகத் தேர்தல் அவசியம்.

மிக இளசாகவும் மிக முற்றியும் இராத நுனித் தண்டை நான்கு அல்லது ஐந்து அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரிய கத்தியால் நறுக்குக. அடியிலைகளையும் பூக்கதிரையும் நீக்குக. ஈரமணலில் ஒரு கணு புதையுமாறு நட்டு, நிழலில் வைக்க. மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்டு அழுகுமாதலால், ஆடி, ஆவணியில் தொடங்குவது நலம்.

வேர்விட்ட கன்றை, அடியில் துளையுள்ள பத்தங்குலத் தொட்டிக்கு மாற்றுக. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் போதும். கனகாம்பரத்தின் பெரும்பகை வேரில் முடிச்சிடும் நூற்புழு. ஆதலால் கனகாம்பரமோ, கத்தரியோ, தக்காளியோ பட்டுப்போன இடத்து மண்ணை எடுத்தலாகாது. பிடுங்கிய செடியின் வேரில் முடிச்சு காணின், மண்ணோடு அப்புறப்படுத்துக.

நட்ட இரண்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்து, பூத்து ஓய்ந்த கதிர்களைக் கிள்ளிவிட்டால் புதுக்கதிர் எழும்.

ஒரு நல்ல தாய்ச் செடியிலிருந்து ஒரு தெருவுக்கே கன்று கொடுக்கலாம். நோயுற்ற செடியோ அத்தெரு முழுவதற்கும் நோயைப் பங்கிட்டுவிடும். அண்டை வீட்டாருக்குத் தண்டு நறுக்கிக் கொடுக்குமுன், ஒவ்வொருவரும் தம் செடியை ஒருமுறை நன்றாகச் சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.