குளிர்காலத்தில் வண்டியும் கணப்பும்

பொன்மலைவாசிகளிடம் குளிரைப் பற்றிப் பேசினால் நகைப்பார்கள். மார்கழி மாதத்து விடியற்காலையில் காதுகளை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போவதே இவ்வூரில் குளிர்காலத்தின் எல்லை. பொங்கல் கழிந்தால் அதுவும் போய்விடும். ஆயினும், குளிர் நாட்டுடன் பொன்மலைக்கு ஓர் உறவு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே தொழிற்சாலை 1928-ஆம் ஆண்டில் இங்கே வந்து சேர்ந்தது. நீலகிரி மலை ரயிலுக்கு வேண்டிய புதிய நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டில் செய்து கொடுத்ததும் இதே தொழிற்சாலைதான். நீராவியின் காலம் முடிந்துவிட்டது என்று உலகமெல்லாம் கைவிட்ட பிறகு, பொன்மலைத் தொழிலாளிகள் கொதிகலனைப் பூட்டி எஞ்சின் செய்தார்கள் என்பது நாம் பெருமை கொள்ளத் தக்க விஷயம்.

அந்த எஞ்சின்கள் ஏறும் மலைக்கு, உத்தியோகத்தை முன்னிட்டுக் குடும்பத்தோடு குடியேறும் நம் பக்கத்தார் பலர். போகும்போது பாத்திரம் பண்டங்களுடன் மோட்டார் சைக்கிளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அங்கே போன முதல் வருஷத்திலேயே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மழையிலும் பனியிலும் ஓட்டாமல் கிடக்கும் வண்டியை என்ன செய்வது? இரவில் வீட்டை எவ்வாறு சூடாக வைத்துக்கொள்வது? இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. வண்டியையும் நெருப்பையும் ஒரே கூரையின்கீழ் வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கனடாவிலும் நார்வேயிலும் நாலைந்து மாதம் சாலையெல்லாம் பனிக்கட்டி மூடிக் கிடக்கும். அங்கே மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வசந்தத்தில்தான் எடுப்பார்கள். உதகையில் அப்படிப் பனி பெய்வதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும், அவ்வளவே. ஆனால் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும், அதைத் தொடரும் மூடுபனியும் வண்டியை வாரக்கணக்கில் வீட்டில் நிறுத்திவிடுகின்றன. போதாததற்கு அரைப் பரீட்சை விடுமுறை, பொங்கல் என்று குடும்பமே திருச்சிக்கு இறங்கிவிடுகிறது.

ஓடாத யந்திரத்துக்குச் சேதம் இல்லை என்று நம்மவர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. பெட்ரோல் பல வஸ்துக்களின் கலவை. அதில் இலேசானவை முதலில் ஆவியாகிப் போகும். மீதியுள்ளது பிசின்போலக் கெட்டியாகி, கார்புரேட்டரிலுள்ள மயிரிழைத் துவாரங்களை அடைத்துவிடும். இந்நாளில் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி நிரம்பிய டாங்கியில் மேல்பாதி ஈரக் காற்றுதான்; இரவுக் குளிரில் அது தகட்டின்மேல் முத்து முத்தாக நீராகிக் கீழே இறங்கும். பழைய புல்லட் வண்டிகளின் டாங்கிக்குள் விரலை விட்டுப் பார்த்தால் செம்மண் குழம்புபோல வருவது இந்தத் துருதான். ஆகையால் டாங்கியை விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். கார்புரேட்டர் உள்ள வண்டியானால், பெட்ரோல் குழாயை மூடி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

எஞ்சின் எண்ணெயை வண்டியை எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். நிறுத்தும்போதே மாற்றுவதுதான் சரி. பழைய எண்ணெயில் கரியும் நீரும் அமிலமும் சேர்ந்திருக்கும். அவற்றிலேயே பேரிங்குகளை இரண்டு மாதம் ஊறவைப்பானேன்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில துளி எண்ணெய் விட்டு, கிக்கரை மெதுவாக இரண்டு முறை மிதித்துவிட்டுப் பிளக்கைத் திரும்பப் பூட்டலாம். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் டயர் ஒரே இடத்தில் அமுங்கிப் போகாது. சைலன்ஸர் வாயில் துணியை அடைத்துவிட்டால் ஈரமும் எலியும் உள்ளே போகமாட்டா. பாட்டரியைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். வெறுமையாகக் கிடந்த பாட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து விட்டால் பிறகு மருந்தில்லை.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டால் போதும் என்ற யோசனையை எல்லாருமே சொல்கிறார்கள். இது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் எந்த ரசாயன மாணவனும் கணக்கிட்டுச் சொல்லிவிடுவான். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த நீர் ஆவியாக வெளியேறும். இரண்டு நிமிஷ ஓட்டத்தில் அது எண்ணெயிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். அரைமணி நேரம் சாலையில் ஓட்ட முடியுமானால் ஓட்டலாம்; முடியாவிட்டால் தொடாமல் இருப்பதே மேல்.

மேலே போர்த்துவது பருத்தித் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வெளி மழையைத் தடுக்கும். உள்ளிருக்கும் ஈரத்தைச் சிறைவைக்கும். ராயல் என்பீல்டு புல்லட் 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் ஓயாமல் நடந்தது. வண்டி சுதேசியாகிவிட்டது, அதைப் பாதுகாக்கும் யோசனைகளில் பலவும் இன்னும் குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்தே வருகின்றன. நமக்குச் சத்துரு பனிக்கட்டியல்ல, ஈரமும் எலியுமே.

இனி நெருப்புக்கு வருவோம். நீலகிரியில் வெள்ளையர் கட்டிய பங்களாக்களில் சுவரோடு சேர்ந்த கணப்பு உண்டு. அவற்றுக்கும் ஊர் அடுப்புகளுக்கும் விறகு போதாமல் சோலைகள் அழிந்து வந்தபடியால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூரத் தைல மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று அந்தச் சீகையே புல்வெளிகளை விழுங்கி வருகிறது. குளிர் காய்வதற்கு ஒரு மலையே விலை கொடுத்திருக்கிறது!

அத்தனை விலை கொடுத்தும், திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குத்தான் போகிறது. கதவு வைத்த இரும்புக் கணப்பு இதைவிடப் பன்மடங்கு சிக்கனமானது. விறகு எதுவானாலும் உலர்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவே நெருப்பின் பலம் செலவாகிறது. மிஞ்சுவது புகை. அந்தப் புகை குளிர்ந்து புகைபோக்கியின் உட்சுவரில் கீல்போலப் படியும். ஒருநாள் அதுவே தீப்பற்றிக்கொண்டால் கூரைக்கு ஆபத்து. பிளந்த விறகைக் காற்றோட்டமான இடத்தில் ஆறு மாதமாவது அடுக்கிவைத்து, வருஷம் ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்தல் அவசியம்.

ஆனால் வாடகை வீடுகள் அநேகத்தில் புகைபோக்கியே இல்லை. அங்கேதான் விபரீதம் நேர்கிறது. இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கனலவிட்டு, கட்டிலருகில் வைத்துக்கொண்டு, ஜன்னலையும் கதவையும் இறுக மூடிக்கொண்டு படுக்கிறார்கள். விறகென்றால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறப்பார்கள். கரிக்குப் புகை இல்லை. ஆகவே தீங்கும் இல்லை என்று நினைக்கிறார்கள். காற்றுப் போதாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மொனாக்ஸைடு என்ற வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தை, அதைப்போல் 200 மடங்குக்கு மேற்பட்ட பிடிப்புடன் அது பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவருக்குத் தலைவலி தெரிவதேது? உதகையிலும் கொடைக்கானலிலும் கரிச்சட்டியுடன் உறங்கப் போனவர்கள் மறுநாள் எழாமற்போன செய்தியைப் பத்திரிகைகளில் நாம் ஒருமுறையல்ல, பலமுறை வாசித்திருக்கிறோம். பெரும்பாலோர் சமவெளியிலிருந்து போனவர்கள். மலைக்குளிரும் கரியும் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை.

புகைபோக்கி இல்லாத வீட்டில் படுக்கையறைக்குள் நெருப்பே கூடாது. முற்றத்தில் மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு, அணைத்த பிறகு உள்ளே வரலாம். வெந்நீர்ப் பை இருக்கிறது. இன்னொரு கம்பளி இருக்கிறது. சாம்பலை மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வெளியே வைக்க வேண்டும்; மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே தணல் மறுநாள் வரை உயிரோடிருக்கும்.

மழைக்குப் பயந்து மோட்டார் சைக்கிளைக் கூடத்துக்குள் தள்ளிவைக்கும் வழக்கத்தையும் இங்கே கண்டித்தாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, அடுத்த அறையிலுள்ள நெருப்பைத் தேடிப் போகும். டாங்கியைக் காலி செய்துவிட்டோமே என்றும் நிம்மதி கொள்ள முடியாது. பெட்ரோல் வற்றிய டாங்கியில் நிறைந்திருக்கும் ஆவி இன்னும் எளிதில் வெடிக்கும். நாலு தகரம் போட்டு வீட்டுக்கு வெளியே ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்வது பெரிய செலவன்று.

மாசி பிறந்து வெயில் ஏறியதும் வண்டியை எடுக்கும்போது, முதலில் சைலன்ஸரிலிருந்து துணியை உருவ வேண்டும். இதை மறந்துவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். டயரில் காற்று, பாட்டரி இணைப்பு, எண்ணெய் அளவு ஆகியவற்றைப் பார்த்தபின், சமதரையில் நாலைந்து தடவை பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வளைவுகளில் அந்தச் சோதனையைச் செய்ய இடம் கிடையாது.