சங்கப் பதிவேட்டில் தாய்மார்

தறியிலிருந்து அறுத்த சேலை சங்கத்திற்கு வருகிறது. நீளமும் அகலமும் அளக்கப்பெற்று, இழை சரிபார்க்கப்பெற்று, அதற்குரிய கூலி கணக்கில் ஏறுகிறது. கணக்குப் புத்தகத்தில் எழுதப்பெறும் பெயர் பெரும்பாலும் ஒன்றே. அச்சேலையில் பட்ட கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போர் அரியர்.

நூல் சிட்டமாக வீட்டிற்கு வந்த நாள் முதல் அதனைக் கையாளுவோர் அவ்வீட்டுத் தாய்மாரே. சிட்டத்தைப் பிரித்து இராட்டையிலிட்டு ஊடைக்குத் தார் சுற்றுதல், விடியற்காலையில் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சியிடும்போது உடன் நின்று அறுந்த இழையைத் தேடி முடிதல், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாய்ப் பிணைத்தல் ஆகிய யாவும், அடுப்பு வேலைக்கும் குழந்தையை உறங்கச் செய்வதற்கும் இடையே நடந்தேறுகின்றன. பாவு சங்கத்திலிருந்தே ஆயத்தமாக வரும் ஊர்களிலும் தார் சுற்றும் வேலை வீட்டைச் சார்ந்தே நிற்கிறது. இதற்குக் கூலி இல்லையோ எனில், உண்டு. சேலைக் கூலிக்குள் அது அடங்கியிருக்கிறது. அடங்கியிருப்பதாலேயே கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீட்டுத் தாய் ஒரு மாதம் நோயுற்றுப் படுத்தால் உண்மை வெளிப்படும். தார் சுற்ற வெளியாளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அல்லது நெசவாளரே தறியை விட்டெழுந்து சுற்ற வேண்டும். வாரத்திற்கு இரண்டு சேலை இறங்கிய தறியில் ஒன்று இறங்குவதே அரிதாகும். தறி அதுவே, நெய்பவரும் அவரே, கூலி பாதியாயிற்று. குறைந்த அப்பாதியே, கணக்கில் ஏறாதிருந்த தாயின் உழைப்பின் அளவு என்று கொள்ளலாம்.

இது வெறும் துணைவேலை என்று சொல்லவும் இடமில்லை. 2019-20-ஆம் ஆண்டு எடுத்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவாளரும் அதனைச் சார்ந்த தொழிலாளருமாக 35 இலட்சத்திற்கு மேற்பட்டோர் உளர். அவருள் 100-க்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்டிர். உழவர் குடும்பங்களிலும் பருத்தி எடுப்பதும், விதையை உலர்த்திச் சேமிப்பதும், மாட்டைப் பேணுவதும் யார் கையில் உள்ளன என்பதை நம் உழவர் அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

குடும்பத்தின் வருவாயில் தாய்க்குள்ள பங்கு யாது, அது யார் கைக்குச் சேரவேண்டும் என்னும் கேள்வியைக் கூட்டுறவு இயக்கம் இன்று நேற்று எதிர்கொண்டதன்று. அவ்வியக்கத்திற்கு வழிகாட்டிய இங்கிலாந்திலேயே அது எழுந்து, நெடுங்காலம் போராடித் தீர்க்கப்பட்டது. அவ்வரலாறு நம்மவர் அறியத்தக்கது.

கம்பளி நெசவுக்குப் பேர்பெற்ற ராச்டேல் நகரில் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் முன்னோடிகள் தம் கடையைத் திறந்தனர் என்பதை நாம் யாவரும் படித்திருக்கிறோம். நெசவாளர் பலர் அதில் இருந்தனர் என்பதும் தெரிந்ததே. இரண்டாண்டுக்குள், 1846-இல், எலைசா பிரயர்லி என்னும் மாது அச்சங்கத்தில் தம் பெயரிலேயே உறுப்பினரானார் என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண் ஈட்டும் கூலி கணவனுக்கே உரியது. ஈட்டியது அவளுக்கே சொந்தம் என்று பாராளுமன்றம் சட்டமியற்றியது 1870-இல். முழுச் சொத்துரிமை தந்தது 1882-இல். நாட்டின் சட்டத்திற்கு முன்பே ஒரு மளிகைக் கடைச் சங்கத்தின் விதி பெண்ணுக்குப் பங்கும் வாக்கும் அளித்தது.

ஆயினும் விதி இருந்தால் மட்டும் போதவில்லை. பல சங்கங்கள் ஒரு குடும்பத்திற்கு ஓர் உறுப்பினர் என்று வரம்பு கட்டின. கடைக்குச் சென்று சாமான் வாங்குபவர் தாய்; வாங்கிய அளவுக்கேற்ப ஈவுத் தொகை சேர்வதோ கணவர் பெயரில். 1883-இல் ஆலிஸ் ஆக்லாண்ட் அம்மையார் கூட்டுறவாளரின் வாரப் பத்திரிகையில் மகளிர் பகுதியை நடத்தி வந்தார். பெண்டிரைக் கடைக்கு வந்து வாங்கும்படி அழைப்பதோடு நின்றுவிடுவதா என்று அவர் கேட்டார். அவ்வாண்டே மகளிர் கூட்டுறவு மன்றம் தோன்றிற்று. தொடக்கத்தில் அதில் சேர்ந்தோர் 50 பேர் அளவே; 1914-இல் ஏறத்தாழ 32,000 பேர். 1889 முதல் 1921 வரை அதன் செயலாளராயிருந்தவர் மார்கரெட் லெவலின் டேவிஸ் அம்மையார். உறுப்பினரில் மிகப் பலர் தொழிலாளர் வீட்டுத் தாய்மார். துணி துவைத்து, சமையல் முடித்து, குழந்தையை அண்டை வீட்டில் விட்டுக் கூட்டத்திற்கு வருவோர்.

இம்மன்றம் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே விரித்துரைப்போம். 1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டத்தில் பேறுகால உதவியும் சேரவேண்டுமென்று மன்றம் வற்புறுத்தி வந்தது. காப்புறுதி பெற்ற தொழிலாளியின் மனைவிக்குப் பிள்ளைப்பேற்றின்போது 30 ஷில்லிங் என்று சட்டம் விதித்தது. ஆனால் பணம் யாருக்குரியது? காப்புறுதி கணவர் பெயரில் இருந்தமையால் அவருக்கே என்று கொள்ளப்பட்டது. மருத்துவச்சிக்கும் பாலுக்கும் ஆகவேண்டிய பணம் வழியிலேயே மதுக்கடையில் கரைவதும் உண்டு. பொறுப்புள்ள கணவர் வீட்டிலும், கேட்டு வாங்கும் நிலையிலேயே தாய் இருந்தாள். அது தாயின் சொத்தாக வேண்டும் என்று மன்றத்தார் மீண்டும் கிளர்ந்தனர். கணவன்மாரை இழிவுபடுத்துவதாகும் என்று வாதிட்டோர் இருந்தனர். 1913-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வுதவியைத் தாய்க்கே உரியதாக்கிற்று.

அதன்பின் மன்றம் தன் உறுப்பினரிடம் அவர்தம் பேறுகால அனுபவங்களை எழுதியனுப்பக் கேட்டது. 386 கடிதங்கள் வந்தன. அவற்றில் 160-ஐ 1915-இல் நூலாக வெளியிட்டனர். எழுதியவரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். கணவரின் வாரக் கூலியும், பெற்ற குழந்தைகள் எத்தனை, இழந்தவை எத்தனை என்பனவும் அச்சிடப்பட்டிருக்கும். பேற்று நாள்வரை கடின வேலை செய்தமை, பேற்றுச் செலவுக்குக் காசு மிச்சம் பிடிக்கத் தாம் உண்பதைக் குறைத்தமை, பெற்ற சில நாளிலேயே எழுந்து நின்றமை ஆகியன திரும்பத் திரும்ப வருகின்றன. கணவர் நல்லவரே, கூலிதான் போதவில்லை என்று எழுதியவரும் பலர். தாய் உண்ணாமல் மிச்சம் பிடித்துக் குடும்பம் நடப்பது பெருமைக்குரிய தியாகம் என்று நம் நாட்டிலும் பேசுகிறோம். அவ்வாறு பேசுவதற்கு முன் அக்கடிதங்களிற் சிலவற்றைப் படிப்பது நன்று. நலிந்த தாய்க்குப் பிறந்த குழந்தையின் கணக்கும் அவற்றிலேயே இருக்கிறது. தாய் சேய் நலத்தை உள்ளாட்சிகளின் பொறுப்பிற் சேர்த்த சட்டம் 1918-இல் வந்தது.

நம் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி, 2018-இல் 18,000 ரூபாய் மதிப்புள்ளதாக உயர்த்தப்பட்டது. அதில் பணமாகத் தரும் தொகை தாயின் வங்கிக் கணக்கிலேயே சேரும்படி அமைந்தது. அங்கே போராடிப் பெற்ற விதி இங்கே தொடக்கத்திலேயே வாய்த்தது நற்பேறு.

அரசு செய்ததைச் சங்கமும் செய்யலாகாதா? இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மனைவியை உறுப்பினராக்குவது என்றால், அவர் பெயரில் இன்னொரு கடன் பெறுவதற்கு வழி என்று கருதும் வீடுகள் உண்டு. அத்தகைய பெயரளவு உறுப்பினரால் தாய்க்குக் கிட்டுவது கடன் பொறுப்பு ஒன்றே. உறுப்பினர் என்பது பங்குத் தொகை, கூலிக் கணக்கு, சேமிப்பு, வாக்கு ஆகிய நான்கும் சேர்ந்ததாகும். நெய்யும் தாய்க்கு அவர் நெய்த சேலையின் கூலி அவர் பெயரிலேயே ஏறவேண்டும். தார் சுற்றுவோருக்கு அதற்குரிய பகுதியைச் சேலைக் கூலியினின்று பிரித்துத் தனியே எழுதுவது நிர்வாகக் குழுவினரால் ஆகாத செயலன்று. இரு பத்தி கூடுதலாக வரையவேண்டும், அவ்வளவே.

கணவர் காலமான பின் பங்குத் தொகைக்கு அலையும் தாய்மாரை நாம் காண்கிறோம். வாரிசு நியமனப் படிவம் நிரப்பப்படாமல் அலுவலகத்திலேயே கிடந்ததுதான் பல இடங்களிற் காரணம். உறுப்பினர் தம் படிவத்தை இம்மாதமே கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டுவோர் அதனை உலை வைக்கும் மாலை வேளையில் வையாது, உணவு முடிந்த பிற்பகலில், குழந்தையோடு வந்தமர்வதற்கு இடமுள்ள கூடத்தில் வைப்பாராக. அறிவிப்பைக் கணவரிடம் சொல்லியனுப்பாது, அத்தாயின் பெயருக்கே அனுப்புவாராக.