ஸ்டிக்கர் மிச்சம் இருக்கிறதே என்று...

எங்கள் ஊர் மண்ணரை. திருப்பூரை ஒட்டி, ஊத்துக்குளி சாலைப் பக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பனியன் வேலைதான். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் நானும் ஒரு கம்பெனியில் லேபிள் வைக்கிற வேலை பார்த்தவள். கழுத்தில் சைஸ் லேபிள், பக்கத் தையலில் துவைக்கும் முறையைச் சொல்லும் வாஷ்கேர் லேபிள். 'எம்' சைஸ் பனியனில் 'எல்' லேபிள் போய்விட்டால் தொலைந்தது! கட்டி வைத்த பெட்டிகளையெல்லாம் திறந்து, ஒவ்வொரு பீஸாகப் பார்த்து, தையல் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து பிரித்த நாளெல்லாம் உண்டு.

அப்படிப் பழகின நானே ஒரு லேபிள் விஷயத்தில் அஜாக்கிரதையாக இருந்துவிட்டேன். அந்தக் கதையையும், அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு சின்ன மெஷினைப் பற்றியும் சொல்கிறேன்.

சில வருஷமாக வீட்டில் சத்துமாவு அரைத்து, அக்கம்பக்கத்துக்கும் இரண்டு மூன்று கடைகளுக்கும் கொடுத்து வருகிறேன். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய், அவ்வளவுதான் ஆரம்பத்தில். பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டபோது, ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். சரி என்று ஆயிரம் அடித்தேன். கன்னம் உப்பிய குழந்தை சிரிக்கிற படம், மேலே கொட்டை எழுத்தில் 'சத்துமாவு', கீழே சேர்மானங்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் "அழகா இருக்குதுங்க" என்றார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாளில், "முந்திரி, பாதாம் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே" என்று சிலர் கேட்டார்கள். சேர்த்தேன். மாவு மாறியது, ஸ்டிக்கர் மாறவில்லை. அறுநூறு ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது. காசு கொடுத்து அடித்ததைத் தூக்கியா போட முடியும்? இது தீரட்டும், அப்புறம் புதிதாக அடிக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் சாயந்திரம் எதிர்வீட்டுப் பெண் இரண்டரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பவர் டேபிளில் தைக்கப் போகிற பெண். "ஏனுங்கக்கா, மாவுல முந்திரி ஏதாச்சும் போட்டீங்களா?" என்றாள். பையனைப் பார்த்தேன். உதடு வீங்கிக் கிடக்கிறது, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது. என் வீட்டுக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே ஊசி போட்டு, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். பிழைத்தான் பையன்.

ஒரு தடவை பலகாரத்தில் இருந்த முந்திரியால் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனதாம். அதிலிருந்து எதை வாங்கினாலும் படித்துப் பார்த்துத்தான் வாங்குவாளாம் அவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க ஸ்டிக்கரைப் படிச்சுப் பார்த்துத்தானுங்க்கா வாங்கினேன்" என்று மட்டும் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு, முகம் வீங்கினால், தடிப்போடு வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால், மிளகுக் கஷாயம், வெற்றிலைச் சாறு என்று வீட்டில் வைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஓடுங்கள். சாப்பிட்ட பொருளின் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்களிடம் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். என் பாக்கெட்டை நீட்ட எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் கடைகளில் இருந்ததையெல்லாம் திருப்பி வாங்கிவந்தேன். அதற்கப்புறம்தான் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவே போனேன். அதுவரை செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும். அவர்கள் கொடுக்கும் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பொருளின் பெயர், எடையில் அதிகமானது முதலில் வரும்படி வரிசையாகச் சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, நம் பெயர், விலாசம், போன் நம்பர், தயாரிப்புத் தொகுதி எண், சைவம் என்பதற்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அம்மாடி, ஒரு சின்னத் தாளில் எத்தனை! ஊட்டச்சத்து அட்டவணை எதற்குக் கட்டாயம், எதற்கு விலக்கு என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2020ல் வந்த லேபிள் விதிகளின்படி ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டை வகை, சோயா ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாம் போடாவிட்டாலும் வந்து சேரலாம். மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது நிலக்கடலை அரைத்திருந்தால்? 'கலந்திருக்கலாம்' என்று அதையும் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால் பவுடர், பால் புட்டி, குழந்தை உணவு இவற்றைக் கட்டுப்படுத்த 1992ல் ஒரு சட்டம் வந்து, 2003ல் திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கும் உணவின் லேபிளில் குழந்தை படமோ பெண் படமோ போடக்கூடாதாம். தாய்ப்பாலை விட்டு ஜனங்கள் டப்பாவுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு. நானோ படமும் போட்டு, '6 மாதம் முதல்' என்றும் அச்சடித்திருந்தேன்! கைக்குழந்தை உணவுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. நம் அடுப்படியில் ஆகிற காரியமில்லை அது. படத்தையும் எடுத்தேன், 'மாதம் முதல்' என்பதையும் எடுத்தேன். இப்போது அது பெரியவர்களும் குடிக்கிற வெறும் சத்துமாவுதான்.

மறுபடி அச்சகத்துக்குப் போனால் மறுபடி ஆயிரம். அடுத்த மாதம் கம்புக்குப் பதில் சோளம் சேர்த்தால் அத்தனையும் குப்பை. அப்போதுதான் என் மகள், ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறவள், "அம்மா, வீட்டிலேயே பத்து அடிச்சாலும் அடிச்சுக்கலாம்" என்று சொல்லி இந்த வெட்டும் மெஷினை வாங்கினாள். கிரிகட், சிலுவெட், பிரதர் என்று பல கம்பெனிகள் விற்கின்றன. நாங்கள் வாங்கியபோது விலை 20 ஆயிரத்துக்கு மேல். என் மாமியார், "ஏன் அம்மிணி, கத்தரிக்கோலுக்கு 20 ஆயிரமா?" என்றார். நியாயமான கேள்விதான். மாதம் பத்துப் பாக்கெட் விற்கிறவர்களுக்குக் கத்தரிக்கோலே போதும். நானும் முதலில் யோசித்தேன்.

பலர் நினைக்கிறமாதிரி இது அச்சடிக்காது. அச்சடிக்க வேறே பிரிண்டர் வேண்டும். இதன் உள்ளே பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் கத்தி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஸ்டிக்கரை வரைந்து, பின்னால் பசையுள்ள தாளில் அச்சடிக்கும்போது ஓரங்களில் கறுப்பு அடையாளக் கோடுகளும் சேர்ந்து விழும். தாளை ஒட்டும் பலகையில் வைத்து உள்ளே விட்டால், மெஷினின் கண் அந்தக் கோடுகளைத் தேடிப் பிடித்து, படம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் பண்ணி, சுற்றிலும் வெட்டிக் கொடுக்கிறது. மேல் தாள் மட்டும் வெட்டுப்பட்டு, அடித்தாள் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாக உரித்து ஒட்ட வேண்டியதுதான்.

பசையும் உரிக்கும் தாளுமாக வருகிற லேபிளை 1935ல் அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் கொண்டுவந்தாராம். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலும் புஸ்தக லேபிளுக்குச் சோற்றுப் பருக்கைதான்!

நான் பட்ட கஷ்டங்களைச் சொன்னால் உங்களுக்குத் தாள் மிச்சமாகும். முதல் பத்துத் தாளும் கோணலாகவே வெட்டுப்பட்டன. காரணம், பிரிண்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது போட்டிருந்தது. படம் கொஞ்சம் சுருங்கிவிட, மெஷின் பழைய அளவிலேயே வெட்டியது. நூறு சதவீத அளவில்தான் அச்சடிக்க வேண்டும். அடுத்து, பளபளப்புத் தாளில் வெளிச்சம் பட்டுத் தெறித்து, மெஷினின் கண்ணுக்குக் கோடு தெரியவில்லை. மங்கலான தாளுக்கு மாறினேன், சரியாகிவிட்டது. கத்தியின் ஆழத்தை ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பார்த்து வையுங்கள். உரித்தால் ஸ்டிக்கர் வர வேண்டும், அடித்தாளில் லேசாகக் கீறல் மட்டும் இருக்க வேண்டும். பின்னணி வண்ணம் வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் ஒரு நூல் தள்ளிப் போகட்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளை தெரியும்.

நட்சத்திரம், பூ என்று ஆசைப்படாதீர்கள். மூலை வளைந்த சதுரம்தான் கூர்முனை கிளம்பாமல் ஒட்டி நிற்கிறது. தமிழ் எழுத்தைப் பொடியாகப் போட்டால் புள்ளி காணாமல் போய்விடும். ஸ்டிக்கரை உடம்பு சரியில்லாத மாமியார் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு வையுங்கள் என்று நான் அளவு வைத்திருக்கிறேன்.

இங்க் விஷயம் முக்கியம். ஈரக் கையோடு பாக்கெட்டைத் தொட்டதில் தேதியே கரைந்து ஓடியதைப் பார்த்தேன். சாதாரண கலர் இங்க் தண்ணீருக்குத் தாங்காது. லேசர் பிரிண்டர் அச்சு கரையாது, ஆனால் கறுப்பு மட்டும் அடிக்கும் பிரிண்டரில் பச்சை வட்டத்துக்கு என்ன செய்வது? கலரில் அடித்து, காய்ந்தபின் மேலே கண்ணாடிபோல இருக்கும் ஒட்டும் தாளைப் போட்டு, அப்புறம் வெட்டுகிறேன். அந்தத் தாள் அடையாளக் கோடுகளை மூடக்கூடாது.

எங்கள் ஊருக்கென்றே ஒரு தொல்லை. காற்றோடு வருகிற பனியன் பஞ்சு ஒட்டும் பலகையில் படிந்துகொண்டே இருக்கிறது. நாலு தாள் வெட்டியதும் பிடிப்பு போய்விடும். ஸ்பிரிட் இல்லாத ஈரத்துடைப்பானால் துடைத்து, காயவைத்து எடுக்கிறேன். வேலை முடிந்ததும் அதன் பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூட மறக்காதீர்கள்.

இப்போது ஒவ்வொரு தடவை மாவு அரைக்கும்போதும் ஸ்டிக்கரும் புதிதாகத்தான். வறுக்க எடுத்து வைத்த சாமான்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியலோடு மகள் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் தொட்டுக் காட்டுவேன். கம்பெனியில் பழகின வழக்கம். எத்தனை பாக்கெட்டோ அத்தனைதான் அடிப்பது. மிஞ்சினால் அன்றைக்கே கிழித்துவிடுகிறேன். முந்திரி போட்ட மாவு ஒரு நாள், போடாதது இன்னொரு நாள். இரண்டுக்கும் ஸ்டிக்கரின் ஓரமே வேறே வேறே நிறம்.

பழைய ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாக்களில் பசை போகவில்லையா? தேங்காயெண்ணெயைத் தடவி ஒரு மணி நேரம் வைத்து, சோப்புப் போட்டுத் தேயுங்கள், போய்விடும்.

எதிர்வீட்டுப் பெண் ஆறு மாதம் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. போன மாதம் வந்து முந்திரி போடாத பாக்கெட்டைக் கையில் எடுத்து, வாசற்படியில் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான் பேசாமல் நின்றேன். "கால் கிலோ கொடுங்கக்கா" என்றாள். பையன் உள்ளே புகுந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். தாளின் ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தது. அவனுக்கு ஒரு யானை வெட்டிக் கொடுத்தோம்.