மீண்டும் பென்சில் பிடித்த கார்ட்டூன்

செங்குத்தான மலை விளிம்பை நோக்கி ஒரு நரி தலைதெறிக்க ஓடி வருகிறது. விளிம்பு முடிந்துவிட்டது. நரியோ நிற்பதாக இல்லை. வெறுங்காற்றின் மேல் இன்னும் பத்தடி ஓடுகிறது. பிறகு சந்தேகம் வந்து நிற்கிறது. காலால் துழாவுகிறது. குனிந்து பார்த்து, கீழே தரை இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே விழுகிறது!

ரோட்ரன்னர் என்னும் பறவையைத் துரத்தித் துரத்தி ஏமாந்துபோகும் கொயோட்டி நரி இது. அமெரிக்காவில் வார்னர் சகோதரர்கள் ஸ்டூடியோவில் சக் ஜோன்ஸ் என்ற இயக்குநர் 1949-ல் இதை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்தார். உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

பௌதிகத் தேர்வில் இந்த நரிக்குச் சுழியம்தான் கிடைக்கும். கிடைத்தளமாக ஓடிவந்து விளிம்பைத் தாண்டும் பொருள், தாண்டிய கணத்திலிருந்தே கீழ்நோக்கி வளைந்து, பரவளையப் பாதையில் விழ வேண்டும். நின்று யோசிப்பதற்கெல்லாம் நேரம் கிடையாது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? எப்போது விழ வேண்டும் என்று நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருப்பதால்தான், அது தள்ளிப்போகும்போது சிரிப்பு வருகிறது. படம் வரைந்தவருக்கும் அது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. விதியைத் தெரிந்தவரால்தான் அதை இவ்வளவு அழகாக மீற முடியும்.

அந்தக் காலத்துக் கார்ட்டூன்கள் எல்லாம் கையால் வரையப்பட்டவை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பென்சில்கள் ஓரம் கட்டப்பட்டன. இப்போது ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் ஓடும் புதிய குறும்படங்களில் கைச்சித்திரம் திரும்பி வந்திருக்கிறது. 2020-ல் தொடங்கிய 'லூனி டியூன்ஸ் கார்ட்டூன்ஸ்' வரிசையில், 1940-களின் பாணியில் மறுபடி கையால் வரைந்து படங்கள் எடுத்தார்கள். டிஸ்னி ஸ்டூடியோவும் குறும்படங்களில்தான் கைச்சித்திரத்தை விடாமல் வைத்திருக்கிறது. கணக்குப் போடுவதில் மனிதனைத் தோற்கடிக்கும் கம்ப்யூட்டர் இருக்கும்போது கைக்கு என்ன வேலை? இதில் பௌதிகமும் இருக்கிறது, நம் கண்ணின் இயல்பும் இருக்கிறது.

இருபத்து நான்கு

சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. 1920-களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது இந்த எண் நிலைபெற்றது. பிலிம் புரொஜெக்டரில் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை ஒளிரச் செய்வார்கள். அதனால் திரையில் வினாடிக்கு 48 அல்லது 72 முறை ஒளி விழும். கண் கூசும் துடிப்பு தெரியாது.

பார்வை நிலைப்பு என்னும் காரணத்தால் அசைவு தெரிகிறது என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது பாதி விடைகூட இல்லை. விழித்திரையில் ஒரு பிம்பம் சற்று நேரம் தங்குவதாலேயே அசைவு தெரியும் என்றால், படங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு குழம்ப வேண்டுமே! ஜெர்மானிய உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1912-ல் இதை ஆராய்ந்து எழுதினார். இரண்டு கோடுகளைத் தகுந்த இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாகவே மனிதர்கள் காண்கிறார்கள். இடையில் இல்லாத அசைவை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

கார்ட்டூன்காரர்கள் இந்தச் சலுகையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரே சித்திரத்தை அடுத்தடுத்து இரண்டு பிரேம்களில் காட்டினாலும் மூளை பெரிதாகக் குறை சொல்வதில்லை. ஆகவே பெரும்பாலான காட்சிகளுக்கு வினாடிக்கு 12 சித்திரங்கள் போதும். மிக வேகமான அசைவு வந்தால் மட்டும் 24-ம் வரைவார்கள்.

பந்து விழும் கணக்கு

ஒரு பந்து கையிலிருந்து நழுவி விழுகிறது. வினாடிக்கு 12 சித்திரம் என்றால் ஒரு சித்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1/12 வினாடி. முதல் 1/12 வினாடியில் பந்து எவ்வளவு விழும்? நீங்கள் அறிந்த சூத்திரம்தான்: முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 4.9-ஐ 144-ஆல் வகுத்தால் சுமார் 3.4 செ.மீ. அடுத்த 1/12 வினாடியில் அதைப்போல் மூன்று மடங்கு, பிறகு ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று விழும். கலீலியோ கண்ட ஒற்றைப்படை எண்களின் வரிசை இது. ஆறு இடைவெளிகளில், அதாவது அரை வினாடியில், பந்து 122 செ.மீ. இறங்கிவிடும்.

பழைய ஸ்டூடியோவில் மூத்த கலைஞர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். நடுவில் வர வேண்டிய படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். மூத்தவர் தாம் வரைந்த தாளின் ஓரத்தில் சிறு ஏணி போல ஒரு கோடு போட்டு, அதில் குறுக்குக் கீறல்கள் இடுவார். இடைப்படங்கள் எங்கே நெருங்கி வர வேண்டும், எங்கே விலகி வர வேண்டும் என்பதற்கான கட்டளை அது. மேலே நெருக்கமாகவும் கீழே போகப் போக விலகியும் கீறல் போட்டால் பந்து கனமாக விழும். சம இடைவெளியில் போட்டால் நூல் கட்டி இறக்கிய பொம்மை போல இறங்கும். அந்தக் கீறல்களைப் பார்க்கும்போதெல்லாம், இடப்பெயர்ச்சி - நேர வரைபடத்தையே ஒருவர் பென்சிலால் எழுதிவைத்தது போல எனக்குத் தோன்றும்.

இனி பந்து தரையில் மோதும் தருணம். அங்கே பந்தைத் தட்டையாக வரைவார்கள். இது வெறும் வேடிக்கை அல்ல. ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் 1930-களில் மிகக் குறுகிய மின்னல் ஒளியைக் கொண்டு, உதைபடும் கால்பந்து நசுங்குவதைப் படம் பிடித்துக் காட்டினார். கார்ட்டூன்காரர் அதைச் சற்று மிகைப்படுத்துகிறார். ஆனால் ஒரு விதியை மட்டும் விடமாட்டார். உயரம் குறைந்தால் அகலம் கூட வேண்டும், கன அளவு மாறக் கூடாது. பந்தின் உயரம் பாதியானால் அதன் அகலம் 1.41 மடங்காக வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அகலத்தைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் குறைத்தால் பந்து நசுங்கியதாகத் தோன்றாது, சிறுத்துப்போனதாகத் தோன்றும்.

வேகத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. அரை வினாடி விழுந்த பந்தின் வேகம் வினாடிக்கு 4.9 மீட்டர். உண்மையான காமிராவின் மூடி 1/48 வினாடி திறந்திருந்தால், அதற்குள் பந்து சுமார் 10 செ.மீ. நகர்ந்து பிலிமில் தீற்றலாகப் பதியும். பென்சில் சித்திரத்தில் இந்தத் தீற்றல் தானாக வராது. எனவே வேகமாகப் போகும் பந்தை நீள்வட்டமாக இழுத்து வரைவார்கள். சக் ஜோன்ஸ் 1942-ல் எடுத்த 'டோவர் பாய்ஸ்' படத்தில் இதை எல்லை வரை கொண்டுபோனார். ஆள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது, இடையில் ஒரே நீண்ட வண்ணத் தீற்றலாக மாறிவிடுவான். படத்தை நிறுத்திப் பார்த்தால் பயங்கரமாக இருக்கும். ஓடவிட்டுப் பார்த்தால் மின்னல் வேகம்!

கம்ப்யூட்டர் உருவம் ஒரு பொம்மை போன்றது. எலும்பும் மூட்டும் தோலும் வைத்து முதலிலேயே செய்துவிட்டு, பிறகு ஆட்டுவிக்கிறார்கள். எந்த அளவுக்கு நீள வேண்டும், நசுங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அதனுள் அமைத்தாக வேண்டும். பென்சில் உருவத்துக்கு அந்தக் கட்டு இல்லை. ஒவ்வொரு சித்திரத்திலும் அது புதிதாகப் பிறக்கிறது.

மேஜைகள் காலியாயின

1995-ல் முழுவதும் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' வெளிவந்தது. அதைச் செய்தவர்கள் பழைய கலையை அவமதித்தவர்கள் அல்லர். அதன் இயக்குநர் ஜான் லாசெட்டர், கைச்சித்திரக்காரர்களின் நெருக்கல், விலக்கல், நசுக்கல், நீட்டல் விதிகளைக் கம்ப்யூட்டருக்கு எப்படிப் பொருத்துவது என்று 1987-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். ஆனால் வியாபாரிகள் அவசரக்காரர்கள். மக்கள் கம்ப்யூட்டர் படங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனதும், பென்சிலின் காலம் முடிந்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 2004-ல் ஒரு படத்தோடு டிஸ்னி நிறுத்தியது. 2009-லும் 2011-லும் இரண்டு முழுநீளப் படங்களைக் கையால் வரைந்துவிட்டு மறுபடி கைவிட்டது. கதை நன்றாயில்லாமல் ஓடாத படத்துக்குப் பென்சிலைக் குற்றம் சொன்னது சரியல்ல என்பது என் கருத்து. ஜப்பானில் பென்சிலைக் கீழே வைக்கவே இல்லை. ஹயாவோ மியாசாகி 2023-ல் கையால் வரைந்து எடுத்த முழுநீளப் படம் அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்றது.

கோடு எங்கே போகும்?

அமெரிக்காவில் பென்சில் திரும்பியது குறுக்குவழியாக. ஜான் கார்ஸ் இயக்கிய 'பேப்பர்மேன்' என்ற குறும்படம் 2012-ல் வெளிவந்தது. காகித விமானம் விடும் ஓர் இளைஞனின் கதை, கறுப்பு வெள்ளையில். கம்ப்யூட்டர் உருவத்தின் மேல் கையால் இட்ட பென்சில் கோடு தெரிய வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பிரேமிலும் தனித்தனியே கோடு போட்டால், எந்தக் கோடும் முந்தைய கோட்டின் மேல் மிகச் சரியாக விழாது. உருவத்தின் விளிம்பு கொதிக்கும் எண்ணெய் போலத் துடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்குக் கண்ட வழி அருமையானது. உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த பிரேமில் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறிய வெக்டர் அம்புக்குறி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கலைஞர் ஒரு பிரேமில் மூக்கின் கோட்டைக் கையால் வரைகிறார். ஆற்றில் விட்ட சருகு நீரோட்டத்தோடு போவது போல, அந்தக் கோடு அம்புக்குறிகளின் வழியே அடுத்த பிரேமுக்கு நகர்கிறது. தலை திரும்பிக் கோடு பொருந்தாமல் போகும் இடத்தில் கலைஞர் அழித்து மறுபடி வரைகிறார். கோட்டைச் சுமந்து போவது இயந்திரம்; கோடு எப்படி இருக்க வேண்டும் என்பது கையின் முடிவு. 2013-ல் இந்தப் படம் சிறந்த குறும் கார்ட்டூனுக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் லாரன் மக்முல்லன் இயக்கிய 'கெட் எ ஹார்ஸ்' வெளியானது. அதில் 1928-ஆம் ஆண்டுப் பாணியில் வரைந்த மிக்கி மவுஸ், திரையைக் கிழித்துக்கொண்டு வண்ணக் கம்ப்யூட்டர் உலகத்தில் வந்து விழுகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று கையால் வரைவது என்றால் பெரும்பாலும் காகிதத்தில் அல்ல, கண்ணாடிப் பலகையில் மின் எழுதுகோலால். அதனால் அது கைச்சித்திரம் இல்லை என்று ஆகிவிடாது. மாறாக, தட்டையாகத் தெரிவதெல்லாம் கைச்சித்திரமும் அல்ல. கை, கால், தலை என்று தனித்தனித் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் கோத்து ஆட்டும் பொம்மைப் படங்களும் ஏராளம்.

குறும்படத்தில் ஏன்?

ஏழு நிமிடத்தில் 10,080 பிரேம்கள். இரண்டு பிரேமுக்கு ஒன்று என்றால் 5,040 சித்திரங்கள். ஒருவர் நாளைக்குப் பத்துச் சித்திரம் முடிப்பதாக வைத்துக்கொண்டால், இருபது பேர் 25 நாளில் ஒரு பாத்திரத்தை வரைந்து முடிக்கலாம். எண்பது நிமிடப் படமானால் ஒரு பாத்திரத்துக்கே 57,600 சித்திரங்கள். அதே இருபது பேருக்கு 288 நாள். திரையில் ஐந்து பாத்திரங்கள் நின்றால்? முதலாளி குறும்படத்தோடு நிறுத்திக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால் பணம் மட்டுமே பிரச்சினை இல்லை. மேலே சொன்ன ஏணிக் கீறல்களை எந்தப் புத்தகத்திலும் முழுமையாகக் கற்க முடியாது. உதவியாளராக இடைப்படம் வரைந்து வரைந்து, மூத்தவர் திருத்தத் திருத்தக் கற்பது அது. உதவியாளர் வேலையே இல்லாமல் போனால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? டிஸ்னியில் எஞ்சியிருந்த கைச்சித்திரக்காரர்களோ வயதானவர்கள். 2021-ல் அந்த ஸ்டூடியோ, கைச்சித்திரம் கற்க இளைஞர்கள் தேவை என்று அறிவித்துப் பயிற்சியாளர்களைச் சேர்த்தது. 1992-ல் 'அலாவுதீன்' படத்தின் பூதத்துக்கு உயிரூட்டிய எரிக் கோல்ட்பெர்க் அவர்களுக்குக் கற்பித்தவர்களில் ஒருவர். ஸ்டூடியோவின் நூறாம் ஆண்டான 2023-ல் வெளிவந்த 'ஒன்ஸ் அப்பான் எ ஸ்டூடியோ' என்ற குறும்படத்தில் 543 பாத்திரங்கள் ஒன்றுகூடுகின்றன. அவற்றில் கைச்சித்திரப் பாத்திரங்களைப் பழைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டாமல் புதிதாகவே வரைந்தார்கள். மூத்தவர்களோடு அந்தப் பயிற்சியாளர்களும் அதில் உழைத்தார்கள்.

செய்து பாருங்கள்

தாள் கெட்டியான பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வலப்பக்க ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஏழு பந்துகள் வரையுங்கள். முதல் பந்திலிருந்து கீழ்நோக்கி 2, 8, 18, 32, 50, 72 மி.மீ. தூரங்களில் மற்றவை இருக்கட்டும். பிறகு அதே தூரங்களைத் திருப்பிப் போட்டு, பந்து எழும்பி மேலே வர ஆறு பக்கம். கட்டை விரலால் புரட்டிப் பாருங்கள். இன்னொரு நோட்டில் 12 மி.மீ. சம இடைவெளியில் அதே பந்தை வரைந்து ஒப்பிடுங்கள்.

அடுத்து, முதல் நோட்டில் தரையைத் தொடும் பந்தை மட்டும் அழித்துவிட்டு, உயரம் பாதியாகவும் அகலம் 1.41 மடங்காகவும் வரையுங்கள். கடைசியாக ஒரு சோதனை: மூன்றாவது நோட்டில், மேலே இருக்கும் பந்தை அசையாமல் ஐந்தாறு பக்கங்களுக்கு அப்படியே வரைந்துவிட்டு, அதன் பிறகு விழவிடுங்கள். பார்ப்பவர்கள் எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வரைந்து வந்தால், கீழே உள்ள படம் மங்கலாகத் தெரியும். அடுத்ததை அளந்து வைப்பது எளிது.