குடிக்கூலியும் பஸ் கூலியும்

திருவனந்தபுரத்திற்கு மாற்றல் உத்தரவு கைக்கு வந்தவுடன் நம்மவர் செய்கிற முதற்காரியம், அங்கே முன்னமே குடியேறியுள்ள உறவினருக்கோ நண்பருக்கோ, “குறைந்த வாடகையில் ஒரு வீடு பார்த்து வையுங்கள்” என்று சொல்லியனுப்புவதுதான். வாடகை எவ்வளவு, அறைகள் எத்தனை, தண்ணீர் வசதி எப்படி என்ற மூன்று கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம், அங்கே எவ்வளவு நேரத்திற்கு ஒரு பஸ் வருகிறது, இரவில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர் மிக அரியர். சொந்த வாகனம் இல்லாத குடும்பத்திற்கு முன்னவற்றிலும் இவையே தலையாயவை என்பது நமது துணிபு. கோட்டைக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஸ்ரீபத்மநாப சுவாமி கோயிலுக்குத் தென்மேற்கே, வராக மூர்த்தியின் கோயிலையும் அதன் பெரிய திருக்குளத்தையும் சூழ்ந்து அமைந்த குடியிருப்பு ஸ்ரீவராகம். இதன் வடபுறத்தில் மேற்குக் கோட்டையிலிருந்து ஈஞ்சக்கல் நோக்கிச் செல்லும் சாலை; கீழ்ப்புறத்தில் அட்டக்குளங்கரையிலிருந்து மணக்காடு, கமலேஸ்வரம், அம்பலத்தறை வழியாகத் திருவல்லத்திற்கும் கோவளத்திற்கும் செல்லும் சாலை. இரண்டிலும் பஸ் உண்டு. ஆனால் இவ்வூரின் பெருமை அவ்விரு சாலைகளில் இல்லை. கிழக்கே கோட்டைக்கு நடந்தே போய்விடலாம் என்பதில்தான் இருக்கிறது. ஏறத்தாழ இருபது நிமிஷ நடை. மேடு பள்ளம் அதிகம் இல்லை. மேடும் இறக்கமுமாகக் கிடக்கும் இந்நகரத்தில் அது அற்ப விஷயம் அன்று. பேரூர்க்கடை, வட்டியூர்க்காவு பக்கங்களில் மூட்டை முடிச்சுடன் ஏறி இறங்கியவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

கிழக்கே கோட்டையே நகரப் பஸ்களின் நாபி. காந்தி பார்க், பழவங்காடிப் பிள்ளையார் கோயில், அட்டக்குளங்கரை என்று சுற்றுவட்டாரம் முழுவதும் திசைக்கொன்றாகப் பஸ்கள் நிற்கும். புதிதாக வந்தவர் எந்தத் திசைப் பஸ் எங்கே நிற்கிறது என்று அறிய ஒரு வாரம் அலைய வேண்டியிருக்கும். அறிந்துகொண்டபின் நகரத்தில் எட்டாத இடம் சிலவே. அங்கிருந்து பழவங்காடி வழியே ரயில் மேம்பாலத்தைத் தாண்டினால் தம்பானூர். நெடுந்தூரப் பஸ் நிலையமும் சென்ட்ரல் ரயில் நிலையமும் அங்கே எதிரெதிராக அமைந்துள்ளன.

இவ்வமைப்பு ஒரே நாளில் உண்டானதன்று. கொல்லத்திலிருந்து வந்த ரயில் 1918 முதல் நகரின் விளிம்போடு நின்றுகொண்டிருந்தது. 1931-இல்தான் அது தம்பானூர் வரை நீட்டப்பட்டது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு தன் சொந்தப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது. அதனை நடத்த லண்டன் நகரப் போக்குவரத்தில் அனுபவம் பெற்ற சால்ட்டர் என்னும் ஆங்கிலேயரை வரவழைத்திருந்தார்கள். அந்த இலாகாவின் வழிவந்ததே 1965-இல் அமைந்த கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம். நாகர்கோவிலிலிருந்து ரயில் வந்தது மிகப் பிந்தி, 1979-இல். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஒரு காலத்தில் ஒரே சமஸ்தானமாயிருந்த இரு பகுதிகளையும் இருப்புப்பாதை இணைத்தது! அதுவரை நாஞ்சில் நாட்டார்க்குப் பஸ்ஸே கதி. இன்றும் நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக ஓடும் நாகர்கோவில் பஸ்ஸில், வெள்ளிக்கிழமை மாலையில் ஒற்றைக் காலில் நிற்பவர்களில் பாதிப் பேர் நம்மவரே.

இனிக் கணக்குக்கு வருவோம். 2022 மே மாதத்தில் கேரளத்தில் சாதாரணப் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேலைக்குச் செல்லும் இருவர், கோட்டையில் இறங்கி இரண்டாவது பஸ் பிடிக்க வேண்டிய இடத்தில் குடியிருந்தால், அந்த இரண்டாவது பஸ்ஸுக்கு மட்டும் போக வர நாளொன்றுக்கு 40 ரூபாய். இருபத்தைந்து நாளுக்கு 1,000 ரூபாய். வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையில் ஒரு பகுதி இவ்வாறு கண்டக்டரின் தோல்பைக்குப் போய்விடுகிறது. பணமாவது போகட்டும். இரண்டாவது பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பொழுதை எந்த முதலாளி திருப்பித் தருவார்?

கடைசி பஸ் இதனினும் கடியது. புறநகரின் உட்புறத் தடங்கள் சிலவற்றில் இரவு எட்டு மணிக்குப் பின் பஸ் அரிது. அதனைத் தவறவிட்டவர் ஆட்டோ ரிக்ஷாவுக்குக் கேட்டதைக் கொடுக்க வேண்டும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் அம்மாள் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். ஓணம், தீபாவளிக் காலங்களில் கடை அடைக்க ஒன்பதரை ஆகிவிடும். வீடோ கடைசி பஸ் எட்டே முக்காலுக்குப் போய்விடும் இடத்தில். ஒன்று வேலையை விட வேண்டும், அல்லது வீட்டை விட வேண்டும் என்ற நிலைமை வந்தது. வீட்டை விட்டார்கள், வாடகை சிறிது கூடினாலும் நடந்து வரும் தூரத்தில் வேறிடம் பார்த்தார்கள். அதுவே சரி என்போம். ஒரு பெண்ணின் சம்பாத்தியத்தைக் கடைசி பஸ்ஸின் நேரம் தீர்மானிக்கும்படி ஒரு குடும்பம் விட்டுவிடலாகாது.

நம்மவர்க்கு இன்னொரு தொல்லை உண்டு. அது பஸ்ஸின் நெற்றிப் பலகை. பேச்சு மலையாளம் ஒரு மாதத்தில் காதுக்குப் பழகிவிடும், எழுத்து அவ்வாறன்று. பஸ் வந்து நின்று புறப்படும் அந்த அரை நிமிஷத்தில் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி போய்விடும். 2021 நவம்பரில் தொடங்கிய நகரச் சுற்றுப் பஸ்களில் தடத்திற்கு ஒரு நிறம் என்று வகுத்தது எழுத்தறியாதார்க்குப் பெரும் உபகாரம். எனினும் தடங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை ஆதலால் நிறத்தை மட்டும் நம்பியிராமல், வீட்டிலுள்ள முதியோர் உட்பட அனைவரும் மலையாள எழுத்துகளைக் கற்றுக்கொள்வது நலம். நம் கிரந்த எழுத்தை ஓரளவு அறிந்த பெரியவர்களுக்கு அது பத்து நாள் வேலைதான்.

ஸ்ரீவராகத்தில் குறையே இல்லையா எனில், உண்டு. உள்தெருக்கள் குறுகலானவை, பஸ் உள்ளே வராது. நடக்க இயலாத முதியவர் உள்ள வீட்டார் இரு பெருஞ்சாலைகளில் ஒன்றை ஒட்டியே வீடு தேட வேண்டும். மழை மற்றொன்று. எடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும் தம்பானூர், சாலை, கிழக்கே கோட்டைப் பகுதிகளில் முழங்கால் அளவு நீர் தேங்குவது பழைய கதை. 2015-இல் “ஆபரேஷன் அனந்தா” என்று பெயரிட்டுக் கால்வாய்களைத் தூர் வாரிய பிறகும் அக்கதை முற்றிலும் முடிந்துவிடவில்லை. ஆதலின் வெயிற்காலத்தில் மட்டும் பார்த்து வீட்டை முடிவு செய்யாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மறு மணி நேரத்தில் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

திருவிழா நாட்களில் பஸ்ஸை மறந்துவிட வேண்டும். மாசி மாதத்தை ஒட்டி வரும் ஆற்றுகால் பொங்கலன்று மணக்காடு தொடங்கி நகரமெங்கும் தெருவில் அடுப்புகளே வரிசையாயிருக்கும், சக்கரம் உருளாது. ஆண்டுக்கு இருமுறை பத்மநாப சுவாமி ஆறாட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது விமான நிலையத்தின் ஓடுபாதையே சில மணி நேரம் மூடப்படுகிறதென்றால் பஸ்ஸைப் பற்றிச் சொல்வானேன்? அவ்விரு விழாக்களுக்கும் அல்பசி, பைங்குனி என்றே பெயர். துலாம், மீனம் என்று மாதங்களை எண்ணும் நாட்டில், நம் ஐப்பசியும் பங்குனியும் கோயிலுக்குள் இன்றும் குடியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

எல்லோருக்கும் ஸ்ரீவராகம் பொருந்தும் என்றும் சொல்லமாட்டோம். தலைமைச் செயலகம், சாலைக் கடைத்தெரு, தம்பானூர் ஆகியவற்றைச் சுற்றி வேலை உள்ளவர்க்கு இது உகந்தது. தும்பா விண்வெளி நிலையத்தார்க்கு ஊழியர் பஸ் உண்டு. அது நிற்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு வீடு பார்த்தல் போதும். கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் உத்தியோகம் பெற்ற இளைஞர் நாள்தோறும் இங்கிருந்து நகரைக் குறுக்கே கடந்து போவது வீண் சிரமம். அவருக்குக் கழக்கூட்டமோ ஸ்ரீகாரியமோ ஏற்றது. வாரந்தோறும் ஊருக்குப் போகிறவர் நாகர்கோவில் சாலையை ஒட்டிய கரமனையையோ, 2024-இல் திருவனந்தபுரம் சவுத் என்று பெயர் மாற்றப்பட்ட நேமம் ரயில் நிலையத்தின் சுற்றுப்புறத்தையோ நினைக்கலாம்.

கோட்டைப் பக்கம் குடியிருப்பதில் மற்றொரு லாபமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு அங்கேதான் தொடங்குகிறது. புளியும் வற்றலும் வெற்றிலையும் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். அத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் 2015-இல் சாகித்திய அகாதமி விருது பெற்று 2021-இல் மறைந்த ஆ. மாதவன். கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் தெருக்கள் உள்ளன. புதிதாக வந்த பெண்மணிக்கு, பஸ் ஏறாமலே தன் மொழியில் நாலு வார்த்தை பேச இடமிருப்பது சிறிய ஆறுதல் அன்று.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வேலை நாள் ஒன்றில் அங்கே செல்லுங்கள். காலை எட்டு மணிக்கு அந்த நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்று, வந்த பஸ்கள் எத்தனை, அவற்றுள் ஏற இடமிருந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். அங்கிருந்தே புறப்படும் பஸ்ஸானால் உட்கார இடம் கிடைக்கும். வழியில் வந்து போவதானால் படிக்கட்டுத்தான். இரவு ஒன்பது மணிக்கு மீண்டும் ஒருமுறை அங்கே நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை பஸ் என்பதைப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம்.